ஒரு நாள்தானே

பழைய இணையதளத்திலிருந்து புதியதற்கு இறக்குமதி ஓடிக்கொண்டிருக்கும்போது தேவேந்திரன் உட்கார மாட்டார். நாற்காலியைத் தள்ளிவிட்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறவர் மாதிரி திரைக்கு முன்னால் நிற்பார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மேலே மேலே ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு சிவப்பு வரி வந்தால், "ராரா பாபு, ஆகொத்துரா, நா பங்காரம்" என்று தெலுங்கில், நின்றுவிடாதே என் தங்கமே எனக் கெஞ்சுவார். ஓடி முடிந்ததும் வந்து சேர்ந்த பக்கங்களை ஆங்கிலத்தில் எண்ணுவார். குறைந்திருந்தால் திட்டுவது மட்டும் தமிழில். ஆந்திர எல்லையில் பாலசமுத்திரம் பக்கத்தில் பிறந்தவருக்கு இதில் விசேஷம் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம் தெலுங்கில் நடந்தது, வேலை ஆங்கிலத்தில் வந்தது, வீடு தமிழிலேயே இருந்துவிட்டது.

அவருடைய அறை ஆந்திரத்துப் புத்தூரில், கீழே ஜெராக்ஸ் கடை இருக்கும் ஒரு கட்டடத்தின் மாடியில். ஜெராக்ஸ் கடையை அவர் மனைவி தேன்மொழி நடத்துகிறார். ஊர் முழுக்க எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர்களைத் தேடி வருகிற கூட்டம். கழுத்தில் தூளி கட்டித் தொங்கும் கையோடு யாராவது ஒருவர் மாடிப்படி ஏறி வந்து, "கட்டு கட்டேதி இக்கடேனா?" என்று, கட்டுப் போடுவது இங்கேதானா எனக் கேட்காத நாள் இல்லை. தேவேந்திரன் முகம் சுளிக்காமல் எழுந்து, ஜன்னல் வழியே தெருவைக் காட்டி வழி சொல்லுவார். "இன்னா பண்றது? வலியில வர்றவனுக்கு போர்டா தெரியும்?" என்பார்.

பழைய இணையதளங்களைப் புதிதாக மாற்றிக் கொடுக்கும் அவர் தொழிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்னைப் போன்ற கணினி ஞானசூனியத்துக்கு அவர் சொல்லிப் புரியவைத்த விதத்திலேயே சொல்லலாம். "பழைய சைட்டெல்லாம் ஓட்டலு மாதிரி சார். ஆளு வந்து ஒக்காந்து கேட்டாதான் உள்ள போயி டேட்டாபேஸ்லேர்ந்து எடுத்து தோசை ஊத்துவான். கூட்டம் வந்தா கல்லு தாங்காது. திருடனும் சமையல்கட்டுலதான் பூருவான். நம்மளுது திருப்பதி லட்டு. காலையிலயே எல்லாத்தையும் புடிச்சி அடுக்கி வெச்சாச்சி. வர்றவன் கையில எடுத்துக் குடுக்கறதுதான் வேலை. அடுப்பே இல்லன்னா திருடன் எங்க பூருவான்?" பழைய டேட்டாபேஸில் கிடப்பதை அள்ளிக்கொண்டு வந்து புதிய இடத்தில் கொட்டுவதற்குப் பிளகின் என்று ஒரு குட்டி மென்பொருள் உண்டு. அதை அவர் டிராக்டர் என்பார். இந்தப் பக்கம் மூட்டை ஏற்றினால் அந்தப் பக்கம் இறக்கிவிடும்.

நான் நடத்தும் சின்னப் பத்திரிகையின் பழைய இணையதளம் மாதத்தில் பாதி நாள் படுத்துக்கொண்டதால்தான் அவரிடம் போனேன். டிராக்டர் ஒரே மத்தியானத்தில் எல்லாக் கட்டுரைகளையும் கொண்டுவந்து இறக்கியது. வேலை முடிந்தது என்று நான் கிளம்பப் பார்த்தால், மனிதர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் பழைய தளம், ஒரு பக்கம் புதியது. முதல் கட்டுரையிலிருந்து ஆரம்பித்து, திரையில் விரலை வைத்து, தலைப்பு, எழுதியவர் பெயர், தேதி என்று ஒவ்வொன்றாக ஒப்பிட ஆரம்பித்தார். பெயரில் எப்போதாவது விரல் நிற்கும். தேதியில் எப்போதும் நிற்கும். திரை முழுக்க விரல் ரேகை. சலித்துப்போய், "யாரும் படிக்காத கட்டுரைங்க, தேவேந்திரன். தேதி ஒண்ணு முன்னே பின்னே இருந்தா என்ன குடி முழுகிடும்?" என்றேன்.

விரலை எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. திரும்பி, விரலை அடுத்த தேதிக்கு நகர்த்தினார். இரண்டாம் முறை போனபோதுதான், மின்சாரம் போய்விட்ட ஒரு மத்தியானம், செய்வதற்கு வேலை இல்லாமல் அதற்குக் காரணம் சொன்னார்.

திருப்பதியில் கோயில் கைங்கரியம் செய்யும் தமிழ் ஸ்ரீவைஷ்ணவக் குடும்பங்கள் சில சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கின்றன. அதன் செயலர் யதிராஜ் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை ஒடித்துக்கொண்டு, கட்டுப் போட்டுக்கொள்ளப் புத்தூர் வந்தார். வழக்கம்போல் தவறான மாடிப்படி ஏறினார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த கதைதான். அவருக்கு அப்போது மணிக்கட்டைவிடப் பெரிய வலி ஒன்று இருந்தது. சங்கத்தின் இணையதளத்தில் மறைந்தவர்களுக்கு என்று ஒரு பகுதி. யார் எந்தத் தேதியில் பரமபதித்தார் என்று டேட்டாபேஸில் இருக்கும். அதிலிருந்து தமிழ் மாதம், பட்சம், திதி எல்லாம் கணக்கிட்டு, இந்த வருஷம் அந்தத் திதி என்றைக்கு வருகிறது என்று தளம் சொல்லும். வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் அப்பா அம்மாவுக்குச் சிராத்தம் செய்தார்கள். அந்தப் பக்கத்தில் எவனோ திருட்டுத்தனமாகப் புகுந்து, பெரியவர்கள் பெயர்களுக்கு மேலே ரம்மி விளம்பரம் ஓடவிட்டிருந்தான். "பெத்தவா பேருக்கு மேல சீட்டாட்டம் ஓடறது, பார்க்கச் சகிக்கலை" என்று யதிராஜ், ஒடிந்த கையைப் பிடித்துக்கொண்டு, இந்த அறையில் உட்கார்ந்து கண் கலங்கினாராம்.

வேலைக்காகத் தேவேந்திரன் திருப்பதியில் யதிராஜ் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. வாசலிலேயே நின்றிருக்கிறார். யதிராஜ் வெளியே வந்து, "ஏன் நிக்கறேள், உள்ள வாங்கோ" என்று இரண்டு தடவை சொன்ன பிறகு, கணினி இருந்த மேஜைவரை போனார். அதைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். நானும் மேலே கேட்கவில்லை. அவருடைய தாத்தா காலத்தில் அந்தக் குடும்பத்துக்கு ஒரு காணி நிலம்கூடக் கிடையாது, அடுத்தவர் வயலில் கூலி வேலை. இப்போது கடலை போடக் கொஞ்சம் சொந்த நிலம் இருக்கிறது. வாசலில் நிற்கிற பழக்கம் மட்டும் நிலம் வந்ததும் போய்விடுவதில்லை.

டிராக்டர் ஓடியது. பெயர்கள் எல்லாம் பழுதில்லாமல் வந்தன. ரம்மி போயிற்று. தேவேந்திரன் சோதித்துப் பார்த்தபோது, முதல் பெயரிலேயே இறந்த தேதி பழைய தளத்துக்கும் புதியதற்கும் ஒரு நாள் வித்தியாசமாக இருந்தது. பார்த்தார். அடுத்த பெயருக்கும் அப்படியே. பழைய தளத்தில்தான் ஏதோ கோளாறு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார்.

நடந்தது என்னவென்றால், டேட்டாபேஸில் தேதி மட்டும்தான் இருந்தது, மணி இல்லை. மணி இல்லாத தேதியைப் பிளகின் நள்ளிரவு என்று எடுத்துக்கொண்டது. பக்கங்களைத் தயாரிக்கிற கணினியோ கடல் தாண்டி எங்கோ இருக்கிறது. அதன் கடிகாரம் நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். இங்கே நள்ளிரவு என்றால் அங்கே முந்தின நாள் சாயங்காலம். அது பாட்டுக்கு முந்தின நாளை எழுதி வைத்துவிட்டது. அத்தனை பேரும் ஒரு நாள் முன்னதாகச் செத்துப்போனார்கள்.

"வித்தியாசம் தெரிஞ்சும் ஏன் விட்டீங்க?" என்று கேட்டேன். இதைக் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

"எங்க நைனா எந்தத் தேதியில செத்தாருன்னு எங்கூட்ல யாருக்கும் தெரியாது சார்," என்றார். "எங்கம்மாவ கேட்டா, கடலை புடுங்கிக்கினு இருந்தோம், மத்தியானம் மழை வந்துச்சின்னும். அவ்ளோதான் தெரியும். பொங்கலுக்கு ஒரு துணி எடுத்து வெச்சி, அவரு துன்றது ரெண்டு பண்ணி, படைப்போம். ஒரு நாளு முன்ன ஆச்சி பின்ன ஆச்சின்னு செத்தவங்க வந்து சண்டையா போடப் போறாங்க? அந்த நெனப்புலதான் பாத்தேன். ஒரு நாள்தானேன்னு வுட்டுட்டேன்."

சங்கத்துக் குடும்பங்களில் பலருக்கு இந்த ஒரு நாளால் ஒன்றும் ஆகவில்லை. திருப்பதியிலேயே இருப்பவர்கள் பஞ்சாங்கம் பார்ப்பார்கள், கணினியைப் பார்க்க மாட்டார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. கோவர்தனுக்குத்தான் அப்படிப் போகவில்லை. அவர் புனேயில் வேலை பார்க்கிறார். அம்மா முன்னமே போய்விட்டார். அப்பா ஸ்ரீனிவாசராகவன், திருமலையில் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் வாழ்நாள் முழுக்க நின்றவர். போன வருஷம் ஆவணியில் கோவர்தன் தளத்தைப் பார்த்து, விடுப்பு எடுத்து, வாத்தியாரை அழைத்து, ஒரு குறையும் இல்லாமல் அப்பாவுக்குச் சிராத்தம் செய்தார். மறுநாள் அலுவலகம் போய்விட்டார்.

அன்றைக்கு மத்தியானம் திருப்பதியிலிருந்து அத்தை அலர்மேல் கூப்பிட்டார். "கோவர்தா, பிண்டம் வெச்சாச்சாடா? காக்கா எடுத்துதா?"

"நேத்திக்கே ஆயிடுத்தே, அத்தை."

"நேத்திக்கா? அண்ணாவோட திதி இன்னிக்குன்னா!"

பிறகு அத்தை அழுதுகொண்டே ஒன்று சொல்லியிருக்கிறார். கோவர்தன் அதை அப்படியே தேவேந்திரனிடம் சொன்னார், தேவேந்திரன் அப்படியே என்னிடம் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தேவேந்திரன் தன் பேச்சில் சொல்லாமல், அந்த அம்மாளின் பேச்சிலேயே சொன்னார். "இன்னிக்கு வந்து நின்னிருப்பாரேடா அண்ணா. வாசக்கதவு பூட்டியிருக்குமேடா."

இறந்த திதியில் பித்ருக்கள் வீடு தேடி வருவார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை.

கோவர்தன் அன்று சாயங்காலமே யதிராஜிடம் எண் வாங்கித் தேவேந்திரனைக் கூப்பிட்டார். திட்டியிருந்தால் தேவேந்திரனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தேதி ஒரு நாள் தள்ளியிருந்ததை, வேலை முடிக்கறதுக்கு முன்னாடி நீங்க பார்த்தேளா?"

பொய் சொல்ல இடம் இருந்தது. பிளகின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். கணினி என்றால் ஊரில் யார் எதிர்க்கேள்வி கேட்கப் போகிறார்கள்? தேவேந்திரன் சொன்னார்: "பாத்தேன் சார். ஒரு நாள்தானேன்னு வுட்டுட்டேன்."

அதற்குக் கோவர்தன் சொன்னது இது: "வர அமாவாசைல திரும்பப் பண்ணச் சொல்லியிருக்கார் வாத்தியார். பண்ணிடறேன். அடுத்த வருஷம் உங்க பக்கத்தை நான் பார்க்க மாட்டேன். அத்தை கிட்டயும் கேக்க மாட்டேன். நாள் எதுன்னு நீங்க உங்க வாயால சொல்லணும். நீங்க சொல்ற அன்னிக்குத்தான் பண்ணுவேன்."

அத்தை இருக்கிறார், பஞ்சாங்கம் இருக்கிறது. நாள் தெரிந்துகொள்ள இவர் எதற்கு? அது தண்டனையா, நம்பிக்கையா என்று தேவேந்திரனுக்கு இன்றுவரை தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

கோளாறைச் சரிசெய்ய ஒரே ஒரு வரி போதுமாக இருந்தது. தேதியைத் தேதியாகவே எடு, மணி பார்க்காதே என்று பிளகினுக்குச் சொல்லும் வரி. அன்றே எழுதிவிட்டார். அதோடு விடவில்லை. தவறான தேதிகள் இருந்த வாரங்களில் யார் யாருடைய திதி வந்துபோயிருக்கிறதோ, அந்தக் குடும்பங்களை எல்லாம் தானே கூப்பிட்டுச் சொன்னார். யதிராஜ் தடுத்துப் பார்த்தார். "தெரியாம நடந்தது. அவாளுக்கும் தெரியாது. தூங்கறவாளை ஏன் எழுப்பறேள்?" தேவேந்திரன் கேட்கவில்லை. ஒருவர் போனைப் பாதியிலேயே வைத்துவிட்டார். ஹைதராபாதில் ஒரு மாமி, "உங்க கம்ப்யூட்டரை யார் பார்த்தா? எனக்குப் பல்லாயிரம் வருஷத்துப் பஞ்சாங்கம் இருக்கு" என்று இவருக்கே பாடம் நடத்தினார். பஹ்ரைனிலிருந்து ஒருவர் மட்டும் அழுதார். அந்த அழைப்பைப் பற்றித் தேவேந்திரன் மேலே பேசுவதில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த விரல். பத்திரிகைக் கட்டுரையாக இருக்கட்டும், பள்ளிக்கூட விளையாட்டு விழாவாக இருக்கட்டும், அவருக்கு எல்லாமே யாரோ ஒருவர் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கிற நாள்தான். வேலை இதனால் தாமதமாகிறது. தேன்மொழிக்கு இதில் ஏகக் கோபம். "ஒரு சைட்டுக்கு மூணு சைட்டு நேரம் எடுத்துக்கினு இருந்தா உருப்படுமா?" என்று படியேறி வந்து கேட்பார். கேட்டுவிட்டு, துணியை நனைத்துத் திரையில் இருக்கும் விரல் ரேகையைத் துடைத்துவிட்டுப் போவார்.

இந்த ஆவணியில், என் பத்திரிகை வேலை கொஞ்சம் மீதி இருந்ததால் ஒரு நாள் காலையில் மறுபடியும் போனேன். அன்றுதான் அந்தத் திதி என்று எனக்குத் தெரியாது. மாடி ஏறியதும் ஏதோ சரியில்லை என்று பட்டது. கணினி மூடிக் கிடந்தது. தேவேந்திரன் வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே போன். அதன் மேல் கை வைக்கவில்லை, ஆனால் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை.

தேன்மொழி என்னை ஓரமாக அழைத்து விவரம் சொன்னார். பத்து நாள் முன்னாலேயே தேவேந்திரன் தன் பக்கத்தில் நாளைப் பார்த்திருக்கிறார். அதை நம்பாமல் ஒரு பஞ்சாங்கம் வாங்கி, படிக்கத் தெரியாமல் முழித்து, யதிராஜிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். அதையும் நம்பாமல், திருப்பதியில் அலர்மேல் அத்தை வீட்டுக்கே போய்விட்டார்.

"அந்தம்மா என்ன சொன்னாங்களாம்?" என்று கேட்டேன்.

"உள்ள கூப்ட்டு ஒக்கார வெச்சி, நாளு சொல்லி, மோரு குடுத்து அனுப்பிச்சாங்களாம். திட்டுவாங்கன்னு பயந்துக்கினேதான் போனாரு." தேன்மொழி குரலைத் தாழ்த்தினார். "அப்பறந்தான் புனேக்கு போன் பண்ணி நாளு சொன்னாரு. சரின்னு ஒரு வார்த்தைதான் சொன்னாராம் அவரு. நாளு தப்பாயிருந்தா இன்னொரு வருசமும் போச்சேன்னு ராத்திரியெல்லாம் பொரண்டுக்கினே இருந்தாரு. காலையிலேர்ந்து ஒண்ணும் துன்னல."

என்னால் கிளம்ப முடியவில்லை. கிளம்பினால் பாதியில் எழுந்து போகிற மாதிரி இருந்தது. தேன்மொழி கீழே போய் ஜெராக்ஸ் எடுப்பார், மேலே வந்து பார்ப்பார், மறுபடியும் கீழே போவார். நடுவில் கையில் கட்டோடு ஒரு பெரியவர் ஏறி வந்து வழி கேட்டார். தேவேந்திரன் எழுந்து ஜன்னலில் காட்டிவிட்டு வந்து, போன் அடித்திருக்குமோ என்று எடுத்துப் பார்த்தார். மத்தியானம் தாண்டியது. சிராத்தம் முடிய நேரமாகும் என்று நான் ஆறுதல் சொல்லப் பார்த்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று சுவரைப் பார்த்தேன். பலசரக்குக் கடைக்காரர் கொடுத்த தினசரி நாட்காட்டி. அதில் நேற்றைய தேதி இருந்தது. அவ்வளவு தேதி பார்க்கிற மனிதர் அறையில் இதுவா என்று கேட்டுவிட்டேன்.

"காலையில கிழிக்கப் போனேன். கைய தட்டி வுட்டாரு," என்றார் தேன்மொழி.

தேவேந்திரன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "அவுரு முடிச்சாதான் சார் இன்னிக்கு. அது வரிக்கும் எனக்கு நேத்துதான்."

வெயில் ஜன்னலைத் தாண்டிச் சாய்ந்த பிறகு போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்து, எழுந்து நின்றுகொண்டார். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது.

"தேவேந்திரன்? ஆச்சு. நன்னா ஆச்சு. வெச்சு முடிக்கறதுக்குள்ள காக்கா வந்துடுத்து." கொஞ்சம் நின்று, "அத்தை கிட்ட பேசினேன். நீங்க ஆத்துக்கு வந்தேளாமே," என்றது குரல்.

"ஆமா சார்."

"வெச்சுடறேன்."

"சரி சார்."

போனை மேஜைமேல் வைத்தார். தேன்மொழி சாப்பாட்டுக் கேரியரை எடுக்கப் படியிறங்கினார். தேவேந்திரன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவர் அருகே போய், நேற்றைக் கிழித்தார்.